நாலு பத்துக்குக் கடையில் இருந்தவன்

"யார்றா எழுதினது? சொல்லித் தொலைடா!"

"சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே."

"அண்ணன்னு கூப்புடாதே. எந்தங்கச்சி பேரை நாறடிச்ச வாயி, என்னை அண்ணங்குதா?"

அறிவரசனின் தலை மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் போய் மோதியது. மானிட்டர் மேசையிலிருந்து பின்பக்கமாகச் சரிந்து தரையில் விழுந்து, கோயில் வெடி மாதிரி வெடித்தது.

மாடியில் உட்கார்ந்து முந்தின நாள் லாக் ஃபைலை இறக்கிக்கொண்டிருந்த கலையரசி, செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடி வந்தாள். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கட்டடம் அது. கீழே பிரவுசிங் சென்டர், மேலே ஒரே அறையில் ஆபீஸ். ரெண்டுக்கும் முதலாளி துபாயில் இருக்கிற ஷஃபியுல்லா பாய். கீழே அவள் தம்பி அறிவரசன், மேலே அவள். அப்பா பாவாடை பெற்ற பிள்ளைகள் ரெண்டும் கம்ப்யூட்டர் முன்னால் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறதைப் பார்க்க, ஒரு காலத்தில் ஊரிலிருந்து ஆள் வந்து போனதுண்டு. அந்தக் காலமெல்லாம் அப்பா வயல் வேலைக்குப் போன நாளோடு போச்சு.

கீழே மூன்று பேர் நின்றார்கள். நடுவில் நின்றவன் காமில். நேற்றுத்தான் மாடிக்கு வந்து, "தேங்க்ஸ் சிஸ்டர், உங்களுக்குச் சிரமம்" என்று மரியாதையாகச் சொல்லி அவள் கையால் ஒரு காகிதம் வாங்கிக்கொண்டு போனவன். இன்றைக்கு அவன் கையில் ஒரு முழத்துக்குக் குறையாத இரும்புப் பைப் இருந்தது.

"விடுங்க! யாரு நீங்கள்லாம்? எந்தம்பியை விடுங்க!"

"இவன் உந்தம்பியா?" காமில் சிரித்தான். "நல்லா இருக்கே கதை. அக்கா மேல உக்காந்து கணக்கு எடுத்துக் குடுக்குறா, தம்பி கீழ உக்காந்து அசிங்கம் எழுதுறான்."

"இவன் எதுவும் எழுதலைங்க."

"நீ குடுத்த பேப்பர்தானே சொல்லுது?"

சட்டைப் பையிலிருந்து அதை உருவி அவள் முகத்தில் விட்டெறிந்தான். அவள் அச்சடித்துக் கொடுத்த தாள்தான். போன திங்கள்கிழமை, பதினாறு பத்து, கெஸ்ட் புக் பக்கம், வந்தது கீழே இருக்கிற கடை இன்டர்நெட் லைன்.

"பதினாறுன்னா நாலு மணி. நாலு பத்து. வர்றவன் பேரு எழுதுற இவன் நோட்டுல பார்த்தேன். மூணே முக்காலுக்கு ஒருத்தன் எந்திரிச்சுப் போறான். அடுத்தவன் நாலரைக்குத்தான் வரான். நடுவுல கடையில யாரு? ஆவியா?"

"அண்ணே, அப்ப நான் ஸ்டாம்பு வாங்க தபாலாபீஸ்..."

பைப் இறங்கியது. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிகிற சத்தத்தை கலையரசி காதால் கேட்டாள். காய்ந்த மூங்கிலைக் காலில் வைத்து ஒடிக்கிற சத்தம். குறுக்கே விழுந்தவளை ஒருத்தன் முடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் அடித்தான். வாயெல்லாம் உப்புக் கரித்தது. கண் தெளிந்து பார்த்தபோது தம்பியின் ரெண்டு காலையும் பிடித்து வாசல் படியில் தலை தட்டத் தட்ட இழுத்துக்கொண்டு போய் டாடா சுமோவில் ஏற்றினார்கள்.

"எங்கடா கொண்டுபோறீங்க?"

"அரியலூர் ரோட்டு மைன்ஸ் பள்ளத்துக்கு. கல்லு வெட்டி விட்ட குழியில தண்ணி எம்பதடி நிக்குது. ஒத்துக்கிட்டா கரையில விடுவேன். ஒத்துக்கலேன்னா உள்ள விடுவேன்."

வண்டி போய்விட்டது. எதிர் டீக்கடை சாமிக்கண்ணு பாய்லரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"அடிப்பாவி, உதடு கிழிஞ்சு தொங்குதே! நான் ஸ்டேஷனுக்கு ஓடுறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போ."

"நான் எங்கயும் போவலைங்க. நீங்க ஓடுங்க."

ஸ்டேஷனில் உட்கார வைத்து, எழுதி வாங்கி, ஜீப்புக்கு டீசல் போட்டுக் கிளம்புவதற்குள் எண்பதடித் தண்ணீர் காத்துக்கொண்டா இருக்கும்? அவள் கீழே கிடந்த தாளை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். தன் கையால் அச்சடித்த தாள் அவளுக்கே பகையாளி மாதிரி தெரிந்தது.

அவள் வேலை சின்ன வேலைதான். ஷஃபியுல்லா பாய் லெப்பைக்குடிக்காட்டு ஜனங்களுக்கென்று ஒரு வெப்சைட் வைத்திருந்தார். ஊரில் நடக்கிற நிக்காஹ், யாராவது செத்தால் மவுத்து அறிவிப்பு, பள்ளிவாசல் செய்தி, கடைசியில் வருகிறவர்கள் எழுதிப் போட ஒரு கெஸ்ட் புக். வளைகுடாவில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் அதில்தான் ஊரைப் பார்ப்பார்கள். யார் வந்தாலும் அமெரிக்காவில் இருக்கிற சர்வர் ஒரு வரி எழுதி வைக்கும்: எந்த லைன், எத்தனை மணி, எந்தப் பக்கம். ஒரு நாளைக்கு ஐயாயிரம் வரி, ஆறாயிரம் வரி. கலையரசி தினமும் காலையில் அந்த லாக் ஃபைலை இறக்கி, தேதி போட்டுப் பேர் வைத்து, கணக்குப் போடுகிற சாஃப்ட்வேருக்குத் தேதி வரிசை மாறாமல் ஊட்டி, பிறகு சுருக்கி மூட்டை கட்டி வைப்பாள். ஒரு நாளைத் தப்பி அடுத்த நாளை முன்னால் ஊட்டிவிட்டால் சாஃப்ட்வேர் விட்டுப்போன நாளைத் திரும்பியே பார்க்காது. அப்படி ஒரு வீம்பு அதுக்கு.

போன வாரம் அந்த கெஸ்ட் புக்கில் பேரில்லாமல் யாரோ எழுதினார்கள்: 'அப்துல் ஹாதி மகள் அஃப்ரினைக் கட்டப்போகிற மாப்பிள்ளை கவனிக்கவும். பெண்ணுக்குச் சம்மதம் இல்லை. மனசு வேறு இடத்தில் இருக்கிறது. விசாரித்து நிக்காஹ் வைக்கவும்.' துபாயில் மாப்பிள்ளை வீட்டார் படித்தார்கள். வியாழக்கிழமை சம்பந்தம் முறிந்தது. சனிக்கிழமை பெண்ணின் அண்ணன் காமில் துபாயிலிருந்து விமானம் ஏறினான். ஷஃபியுல்லா பாய் போனில், "ஊர்க்காரப் பயம்மா, கேக்குறான், எந்த லைன்னு மட்டும் எடுத்துக் குடு" என்றார். சாஃப்ட்வேரில் கெஸ்ட் புக் பக்கத்தை மட்டும் வடிகட்டி, அவளும் கொடுத்தாள். கடை லைன் என்று தெரிந்தும் கொடுத்தாள். ஒரு நாளைக்கு அறுபது பேர் வந்து போகிற கடை, இதில் யாரைப் போய்ப் பிடிப்பான் என்று நினைத்தாள்.

போன் அடித்தது.

"என்னம்மா, ரொம்ப நேரமா எடுக்கல? இன்னிக்கி ரிப்போர்ட் வரலியே. நான் எந்திரிச்சதும் அதைத்தான் பார்ப்பேன்னு தெரியும்ல?"

"பாய்! காமில் எந்தம்பியை அடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டான் பாய்! நாலு பத்துக்குக் கடையில இவன் மட்டுந்தான் இருந்தானாம், கொல்லப்போறேங்கிறான்!"

"யா அல்லாஹ்! இரு, இரு, அழுவாதே. எப்ப நடந்துச்சு?"

"இப்பத்தான், பத்து மணிக்கு."

"பத்து மணியா? இங்க இன்னும் எட்டே முக்காலே ஆவல, நீ பத்துங்கிற..."

கலையரசி சுவரைப் பார்த்தாள். பத்தேகால்.

கையிலிருந்த தாளில் அந்தப் பதினாறு பத்தை மறுபடி பார்த்தாள்.

"பாய். ரிப்போர்ட்டை யாரு மணியில வைக்கச் சொன்னீங்க?"

"எந்த ரிப்போர்ட்டு?"

"போன வருஷம். 'நம்ம ஆளுங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க, எந்த நேரத்துல பார்க்குறாங்கன்னு எனக்கு துபாய் மணியில தெரியணும்'னு சொன்னீங்கள்ல? நாந்தான் மாத்தி வச்சேன். வச்சிட்டு மறந்தே போயிட்டேன் பாய். அந்தப் பதினாறு பத்து உங்க மணி. எங்க மணியில அது அஞ்சே முக்காலுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி!"

"நான் இப்பவே காமிலுக்கு அடிக்கிறேன். நீ அவங்க வூட்டுக்கு ஓடு" என்றார்.

அவளுக்குத் தன் வாயில் வந்ததை நம்பப் பயமாக இருந்தது. திங்கள்கிழமை மூட்டையைப் பிரித்தாள். ஃபைல் விரிய ஒரு நிமிஷம் ஆனது, அந்த ஒரு நிமிஷத்தில் எண்பதடித் தண்ணீரையும் பார்த்துவிட்டாள். அமெரிக்கக்காரன் எழுதிய வரி அப்படியே இருந்தது: ஏழு பத்து, லண்டன் மணிக்கு ஐந்து மணி நேரம் பின்னால். விரல் விட்டு எண்ணினாள். பன்னிரண்டு பத்து. அதோடு நம்ம ஐந்தரை. பதினேழு நாற்பது. அச்சடித்தாள். கீழே ஓடிக் கண்ணாடித் தூளுக்குள் கிடந்த கடை நோட்டை எடுத்துப் புரட்டினாள். திங்கள், அஞ்சு இருபத்தஞ்சிலிருந்து அஞ்சு ஐம்பது வரை, ரெண்டாம் நம்பர் கம்ப்யூட்டர். பேர்: இஃப்பத். மற்ற மூன்றும் காலி.

இஃப்பத் யாரென்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம், தம்பி இல்லை என்றால் போதும்.

அப்துல் ஹாதி குடும்பம் மகள் காலேஜுக்காக லெப்பைக்குடிக்காட்டை விட்டு டவுனிலேயே வீடு பார்த்து வந்திருந்தது. ஹாதி ஷார்ஜாவில். கதவைத் திறந்தது அவர் மனைவி பத்ருன்னிசா. ரத்தம் வழிகிற வாயோடு நின்றவளைப் பார்த்ததும் அந்த அம்மாள் ஒரு எட்டுப் பின்னால் வைத்தாள்.

"யாரும்மா நீ?"

"பிரவுசிங் சென்டர் அறிவரசனோட அக்கா."

"வெளிய போ!" கையில் இருந்த துடைப்பம் உயர்ந்தது. "எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வந்தே? எம்மவளுக்கு இனி எவன் வருவான்? மூணு நாளா அவ ஒரு வாய் சோறு திங்கல, தெரியுமா?"

"அடிங்கம்மா. அடிச்சிட்டு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க. இந்தச் செவுத்துல எதுக்கு ரெண்டு கடியாரம்?"

சுவரில் பச்சை ஒன்று, வெள்ளை ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. துடைப்பம் பாதியில் நின்றது.

"இது என்ன கேள்வி? வெள்ளை இங்கத்தி மணி. பச்சை அவரு மணி. அவரு வேலைக்குப் போற நேரம், தூங்குற நேரம் பார்த்துத்தானே போன் பண்ணணும்?"

"உங்க புள்ள கையில இருக்கிற பேப்பர் பச்சைக் கடியாரம் பார்த்து எழுதினது. அவரு வெள்ளைக் கடியாரம்னு நெனைச்சு எந்தம்பியைக் கொல்றாரு."

வேறு எந்த வீட்டிலாவது இதைச் சொல்லிப் புரிய வைக்க அரை நாள் பிடித்திருக்கும். பத்ருன்னிசா பச்சையைப் பார்த்தாள், வெள்ளையைப் பார்த்தாள், துடைப்பத்தைக் கீழே போட்டாள். பன்னிரண்டு வருஷமாக ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டிக் கழித்து வாழ்ந்தவள்.

"நாலு பத்துன்னா நமக்கு அஞ்சு நாப்பது."

"ஆமாம்மா. அஞ்சு நாப்பதுக்கு அங்க இருந்தது வேற ஆளு. இந்தாங்க, நோட்டு. யாரோ இஃப்பத்தாம்."

அந்த அம்மாள் நோட்டை வாங்கினாள். பார்த்தாள். கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுமாம்மா?"

"எம்மாமியா பேரு" என்றாள் பத்ருன்னிசா மெதுவாக. "மவுத்தாகிப் பதினோரு வருஷமாச்சு."

உள் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி டம்ளர் விழுந்து உடைந்தது.

ரெண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். பத்ருன்னிசா மேசைமேல் இருந்த போனை எடுத்து மகன் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரையும் அழுத்தினாள். நாலாவது ரிங்கில் எடுத்தான். முதலில் காற்று கேட்டது. பிறகு காற்றுக்குள் ஒரு அலறல். கலையரசி மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"காமிலு! அந்தப் புள்ளைய விடு!"

"ஒத்துக்கிட்டான்மா! நான்தான் எழுதினேன்னு வாயால சொல்லிட்டான்!"

"கையை ஒடிச்சா நானுந்தான் ஒத்துக்குவேன். அது நம்ம மணி இல்லடா, உங்கத்தா மணி. அந்த நேரத்துல கம்ப்யூட்டர்ல இருந்தது அவன் இல்லை!"

"ஷஃபியுல்லா பாயும் இதையேதான் சொல்றாரு. எல்லாரும் சேர்ந்து காப்பாத்துறீங்களா? சரி, இவன் இல்லேன்னா யாரு? பேரு சொல்லு."

"பேரு எதுக்குடா?"

"பேரு வேணும்மா எனக்கு! துபாயில என்னைப் பார்த்துச் சிரிக்கிறானுவ. பேரில்லாம நான் திரும்பி வரமாட்டேன். அஞ்சு எண்ணுவேன். பேரு வரலேன்னா இவன் தண்ணிக்குள்ள. ஒண்ணு!"

பத்ருன்னிசா போனைக் கையால் பொத்திக்கொண்டு கலையரசியின் முழங்காலைத் தொட்டாள்.

"சொல்லிடாதேம்மா. உங்காலைப் புடிக்கிறேன். அவளைக் கொன்னுடுவான்."

"எந்தம்பியைக் கொல்றானேம்மா!"

"ரெண்டு!"

"உனக்குப் புண்ணியமாப் போவும். வேற ஏதாச்சும் பேரு சொல்லு. யாராச்சும் ஒரு பேரு."

"யாரைச் சொல்ல? இன்னொருத்தி தம்பியையா?"

"மூணு!"

கலையரசி வாயைத் திறந்தாள். பின்னால் அவள் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்ததுண்டு, அந்த நேரம் தன் வாயில் எந்தப் பேர் வரவிருந்தது என்று. சொல்லியிருப்பாள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குள் உள் கதவு திறந்தது. மூன்று நாள் தூங்காத கண்ணோடு ஒரு பெண் வந்து, அம்மா கையிலிருந்து போனை வாங்கினாள்.

"நாந்தாண்ணே எழுதினேன்."

எண்ணிக்கை நின்றது.

"அந்த ஆளுக்கு நாப்பத்தி ரெண்டு வயசு. வேணாம்னு உங்கிட்ட அழுதேன், அத்தாகிட்ட அழுதேன். யாரும் கேக்கல. கெஸ்ட் புக்குல எழுதினேன், எல்லாரும் கேட்டீங்க."

"எவன்டீ அந்த வேற இடம்?"

"எவனும் இல்ல. மனசு வேற இடத்துலன்னா காலேஜுல."

"நீ... வூட்டுலயே இரு. வரேன்."

"இருக்கேன். ஆனா அந்த அண்ணனை வண்டியில ஏத்திக் கொண்டாந்து பெரியாஸ்பத்திரியில விடு. டாக்டர் கையில ஒப்படைச்சேன்னு உங்கூட இருக்கிறவங்க போன் பண்ணணும். பண்ணலேன்னா நீ வரப்ப நான் இந்த வூட்டுல இருக்கமாட்டேன். எங்க தேடினாலும் கிடைக்கமாட்டேன்."

போனை வைத்தாள்.

பத்ருன்னிசா அறைந்தாள். இடது கன்னம், வலது கன்னம், மறுபடி இடது. பிறகு அந்த முகத்தையே நெஞ்சில் இறுக்கிக்கொண்டு, அப்படியே தள்ளிக்கொண்டு போய் உள் அறைக்குள் விட்டு, வெளியே தாழ்ப்பாள் போட்டாள்.

பதினொன்றரைக்கு போன் வந்தது. "ஆஸ்பத்திரியில சேர்த்துட்டோம். மூச்சு இருக்கு." கலையரசி எழுந்து வாசலுக்குப் போனாள். அதற்குள் சுமோ வந்து நின்றுவிட்டது. காமில் மட்டும் இறங்கினான். சட்டையில் அவள் தம்பியின் ரத்தம், கையில் அரிவாள்.

"ஒதுங்கு."

அவள் ஒதுங்கவில்லை. அவன் அரிவாள் பிடியால் அவள் விலாவில் குத்தி, விழுந்தவளைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனான்.

"எங்க அவ?"

"இந்த வூட்டுக்குள்ள ஆயுதத்தோட வராதே."

"வழியை விடும்மா. இது எனக்கும் அவளுக்கும்."

பத்ருன்னிசா கையை நீட்டிச் சுவரிலிருந்த பச்சைக் கடியாரத்தைப் பிடுங்கி, ஓங்கி அவன் முகத்தில் அடித்தாள். கண்ணாடி நெற்றியைக் கிழித்தது. சின்ன முள் அவன் புருவத்தில் குத்திக்கொண்டு நின்றது.

"பாருடா இப்ப, மணி என்னன்னு நல்லாப் பாரு! மணி பார்க்கத் தெரியாத நாய்க்கு அரிவாள் ஒரு கேடா?"

ரத்தம் கண்ணில் இறங்க, அவன் தள்ளினான், அவள் நகரவில்லை. தாழ்ப்பாளைக் கையால் மூடிக்கொண்டாள்.

"கையை எடு."

"எடுக்கமாட்டேன்."

"வெட்டிடுவேன்மா!"

"வெட்டு."

அவன் தாழ்ப்பாளைத்தான் வெட்டினான், கண்ணில் ரத்தம் என்று பிறகு கோர்ட்டில் சொன்னான். அரிவாள் மரத்தில் இறங்கி நின்றது. பத்ருன்னிசா கத்தவில்லை. ரெண்டு விரல் தரையில் விழுந்தன, ஒன்றில் மோதிரம் இருந்தது. கதவுக்குப் பின்னால் அஃப்ரின்தான், "என்னாச்சும்மா, என்னாச்சும்மா" என்று அடித்துக்கொண்டிருந்தாள்.

காமில் கீழே பார்த்தான். அரிவாளை மரத்திலேயே விட்டுவிட்டு முழங்கால் போட்டு உட்கார்ந்தான். அந்த விரல்களை எடுத்து, திரும்ப ஒட்டிவிடலாம் என்பது மாதிரி அம்மா கையில் வைத்து வைத்துப் பார்த்தான்.

"அம்மா... அம்மா..."

"ஒண்ணும் இல்ல" என்றாள் பத்ருன்னிசா, பல்லைக் கடித்துக்கொண்டு. "நீ பேரு கேட்டியே. இப்ப உம்பேரைச் சொல்லுவாங்க ஊருல."

சாமிக்கண்ணு ஆஸ்பத்திரியில் விசாரித்துக்கொண்டு ஜீப்பில் போலீசைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவன் ஓடவில்லை.

அறிவரசனுக்கு வலது கை மூன்று இடத்தில் முறிந்திருந்தது, விலா நாலு, தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். ஆனால் உயிர் இருந்தது. பத்ருன்னிசா அதே ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் கிடந்தாள். மறுநாள் அஃப்ரின் கையில் ஃபிளாஸ்க்கோடு கலையரசி முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, என்னை மன்னிச்சிடுங்க."

"நீ போனை வாங்கலேன்னா நானே உன்னைக் காட்டிக் குடுத்திருப்பேன். மன்னிக்கிற அளவுக்கு நான் பெரிய ஆளு இல்ல." கலையரசி ஃபிளாஸ்க்கை வாங்கவில்லை. "ஆனா அவன் வாயைத் தொறந்து ஒரு வாய் சோறு திங்குற வரைக்கும் என் கண்ணு முன்னாடி வராதே. அதுக்கப்புறம் வா. பேசலாம்."

பெண் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மத்தியானம் ஏட்டு ஒருத்தர் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"சொல்லும்மா. கடையில அடிச்சது எத்தனை மணிக்கு?"

கலையரசி சொல்ல வாயெடுத்தாள். கட்டிலில் இருந்து ஒரு முனகல் வந்தது. அக்கா சொல்லி நடந்ததெல்லாம் தெரிந்திருந்த தம்பி இடது கையால் ஏட்டுவின் காகிதத்தை இழுத்து, கோணல் மாணலாக எதையோ கிறுக்கித் தள்ளினான். ஏட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா எழுதியிருக்கான்? 'யாரு மணின்னு முதல்ல கேளுங்க'ன்னு இருக்கு. இதுக்கு என்ன அர்த்தம்?"

கம்பி கட்டிய தாடைக்குள் அவன் சிரிக்கப் பார்த்தான். வலி தாங்காமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கலையரசி முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு ஏட்டுப் பக்கம் திரும்பினாள்.

"பத்து மணிங்க. நம்ம மணின்னு சேர்த்து எழுதிக்குங்க."